கை இருபத்திரண்டு

ஒரு புகார்க் கடிதத்தில் இருந்த பிழைகளைத் திருத்திவிட்டு, புகாரையே தீர்த்துவிட்டதாக நம்பி, அன்று மதியம் நிம்மதியாக இரண்டு வடை சாப்பிட்டவன் நான். பிழைகள் மொத்தம் ஆறு. ஆறையும் சிவப்பு மையில் திருத்தி, நானே தட்டச்சு செய்து, பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு நகல் அனுப்பி, கோப்பில் ஒரு நகல் வைத்தேன். புகார் எதைப் பற்றியது என்று அன்று யாராவது கேட்டிருந்தால், 'ஒற்றுப்பிழை' என்று சொல்லியிருப்பேன்.

பாகலூர் சாலையில், கார்களுக்கான தகட்டுப் பாகங்களை அழுத்திச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அப்போது நான் பயிற்சி அதிகாரி. மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவரைத் திங்கட்கிழமை சூப்பர்வைசர் ஆக்குவார்கள். செவ்வாய், புதன் இரண்டு நாளில் நான் அவரைத் தலைவர் ஆக்க வேண்டும். அதற்கென்று அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுதியிருந்தேன். தலைமைப் பண்புகள் பதினெட்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறிப் படம். நான் என் வாழ்நாளில் யாரையும் மேற்பார்வை செய்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் பொறுப்பில் இருந்தவை அலுவலக ஜன்னலோரத்துத் தொட்டிச் செடிகள் இரண்டு. ஒன்று போய்விட்டது. மற்றது என் உதவி இல்லாமல் சொந்த முயற்சியில் பிழைத்துக்கொண்டிருந்தது.

அந்த வகுப்பின் கடைசி வரிசையில்தான் அவரை முதலில் பார்த்தேன். பர்கூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருபது வருடம் இருந்து, பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனுக்குப் பொறுப்பான ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்தவர். என்னைவிட மூன்று வயது சின்னவர். முடி மட்டும் எனக்கு முன்பே ஓய்வுபெற்றிருந்தது. தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் ஹவில்தார்தான். சம்பளப் பட்டியலில் இருந்த பெயர் எனக்குத் தெரியும். அதை எழுதினால் வேறு யாரையோ சொல்வது போல இருக்கும்.

வகுப்பில் நான் எழுத்துத் தமிழில்தான் பேசுவேன். அதிகாரம் அதில்தான் இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை.

"உங்கள் குழுவில் ஒருவர் தினமும் தாமதமாக வருகிறார். பதினெட்டுப் பண்புகளில் எதைப் பயன்படுத்துவீர்கள்?" என்று கேட்டேன்.

எல்லோரும் கையேட்டைப் புரட்டினார்கள். அவர் எழுந்து நின்றார்.

"யாரு சார் அது?"

"யாரோ ஒருவர். உதாரணத்துக்கு."

"பேரு தெரிஞ்சா சொல்லலாம் சார். சூளகிரில இருந்து வர்றவன்னா மொத பஸ்ஸு நிக்காமப் போயிருக்கும். இங்கயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கறவன்னா அது வேற சங்கதி."

"பெயரே இல்லாத ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்."

அவர் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். "பேரே இல்லாதவனுக்கு நான் சூப்பர்வைசர் இல்லீங்களே சார்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கிண்டல் பண்ணத் தெரியாது. அதனால்தான் அது இன்னும் உறைத்தது. மதிப்பீட்டுத் தாளில் 'கற்பனைத் திறன் குறைவு' என்று குறித்து வஞ்சம் தீர்த்துக்கொண்டேன்.

அவருக்குக் கொடுத்த பிரஸ் லைனில் பத்துப் பேர். ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் எட்டு நிமிடம், மற்ற சூப்பர்வைசர்கள் நேற்று எத்தனை பீஸ், இன்றைக்கு எத்தனை பீஸ் என்று கத்திக்கொண்டிருக்கும்போது, அவர் தன் ஆட்களை வட்டமாக நிற்கவைத்து, "கையக் காட்டு" என்பார். தளிப் பக்கத்து ஆட்களுக்கு அதுவே கன்னடத்தில் "கை தோர்ஸு". வேப்பனப்பள்ளிக்காரர்களுக்குத் தெலுங்கில். ஒடிசாவிலிருந்து வந்தவர்களுக்குப் பட்டாளத்து இந்தியில், "ஹாத் திகாவோ". பத்துப் பேரும் உள்ளங்கைகளை முன்னால் நீட்டுவார்கள். வெட்டுக்காயம், கொப்புளம், முந்தின இரவின் நடுக்கம் எல்லாம் அங்கே தெரிந்துவிடும். கடைசியில் அவரும் தன் கைகளை நீட்டுவார். பக்கத்தில் நிற்பவர் பார்த்துத் தலையசைக்க வேண்டும். பிறகு லைன் பதிவேட்டில் எழுதுவார்: கை 22. ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது மறுபடி எண்ணி, மறுபடி எழுதுவார்: கை 22.

பிரஸ் மெஷினில் மேலேயிருந்து இறங்கும் அச்சு, தகடு எது விரல் எது என்று விசாரித்துக்கொண்டிருக்காது. ஆகவே ஆட்களை எண்ணுவதைவிடக் கைகளை எண்ணுவதில் நியாயம் இருந்தது. எனக்கு அப்போது அது பட்டாளத்து வேடிக்கையாகத்தான் பட்டது.

"உங்க கைய எதுக்கு சேக்கறீங்க? நீங்கதான் மெஷினத் தொடறதில்லையே" என்று கேட்டேன்.

"வட்டத்துல நின்னா எண்ணித்தான சார் ஆவணும்."

அவரோடு வேலை செய்வது சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நாள் காலை ஒருவனுடைய கை நடுங்கியது. "போய்த் தூங்கிட்டு மத்தியானம் வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவசரமாகப் போக வேண்டிய சரக்கு இருந்த நாள். பிளாண்ட் மேனேஜர் லைனுக்கே வந்து சத்தம் போட்டார். "நான்தான் அனுப்பினேன் சார்" என்றார் ஹவில்தார். "ஏன்?" "நான்தான் அனுப்பினேன் சார்." காரணத்தைச் சொன்னால் அந்த ஆளின் பெயர் மேனேஜரின் மனதில் தங்கிவிடும் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அன்றைக்கு அவரை விறைப்பு பிடித்த மனிதர் என்று மட்டும் நினைத்தேன். மதியம் வரை அந்த மெஷினை அவரே ஓட்டினார்.

நல்ல தலைவன் தன் ஆட்கள் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவான் என்று என் கையேட்டின் முப்பத்தோராம் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைக் கண்ணால் பார்க்கலாம் என்று ஒரு நாள் கேன்டீனில் காத்திருந்தேன். ஹவில்தார் முதல் ஆளாகத் தட்டெடுத்து, முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"ஆளுங்க சாப்பிடறதுக்கு முன்னாடியேவா?" என்றேன்.

"சாம்பார் கெட்டுப் போயிருந்தா கேன்டீன்காரனோட சண்ட போட டைம் வேணும்ல சார். நான் கடைசியாச் சாப்பிட்டா, அதுக்குள்ள எல்லாரும் தின்னு முடிச்சிருப்பாங்க."

முப்பத்தோராம் பக்கத்தை நான் திருத்தவில்லை. அந்த அம்புக்குறிப் படம் நன்றாக வந்திருந்தது.

அவருடைய குணத்தை எனக்குப் பிடித்துக் கொடுத்தவர் ஸ்டெல்லா. லைன் முடிவில் மேசை போட்டு, வந்து விழும் பாகங்களின் தரம் பார்ப்பவர். கிருஷ்ணகிரிக்காரர். யாரையும் பட்டப்பெயர் வைக்காமல் விடமாட்டார். என் பட்டப்பெயர் 'அறுபத்து நாலு பக்கம்'.

"நீங்க பதினெட்டுன்னு எழுதியிருக்கீங்க. அவருகிட்ட மூணே பேச்சுதான் சார்" என்றார் ஸ்டெல்லா. "வேலன்னா 'நாம'. நல்லா வந்துச்சுன்னா 'அவங்க'. நாசமாப் போச்சுன்னா 'நான்'. நாலாவதா ஒண்ணு அவரு வாயில வந்து நான் கேட்டதில்ல."

கவனித்துப் பார்த்தேன். உண்மைதான். வெளியிலிருந்து வந்து பார்த்தவர்கள் லைன் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினால், "அவங்க செஞ்சாங்க சார்" என்று பின்னால் கையைக் காட்டுவார். ஒரு கூடை பாகம் வீணாகிப் போனால், "நான் பாக்காம வுட்டுட்டேன் சார்." காலையில் வட்டத்தில், "இன்னைக்கு நாம ரெண்டாயிரம் எடுக்கறோம்." 'நாங்க' என்ற சொல் அவரிடம் இருந்ததாகவே தெரியவில்லை. இந்தியில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான். இருபது வருட இந்தி அவருடைய தமிழைத் தேய்த்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அப்படி முடிவு கட்ட எனக்கு ஒரு முன் அனுபவமும் இருந்தது.

அந்த லைனில் மஞ்சுநாத் என்று ஒருவன். தளிக்காரன், வீட்டில் கன்னடம், எங்களிடம் சுமாரான தமிழ். கன்னடத்திலும் நாம், நாங்கள் என்ற பாகுபாடு கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை அவன் என்னிடம் வந்து, "ஞாயித்துக்கிழம நாம எல்லாரும் தளி போறோம் சார், அக்காவுக்குக் கல்யாணம்" என்றான். தமிழ் இலக்கணத்தை மதிக்கிறவன் நான். நாம என்றால் கேட்கிறவனும் சேர்த்தி. ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக்கொண்டு, சரிகைக் கரை வேட்டி கட்டிக்கொண்டு, பஸ் பிடித்துத் தளிக்குப் போனேன். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டார் என்று உபசரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்று மரியாதை செய்தார்கள். இரண்டு பந்தியிலும் உட்காரவைத்தார்கள். திங்கட்கிழமை மஞ்சுநாத் மிகுந்த வியப்போடு கேட்டான்: "சார், கல்யாணத்துல உங்கள பாத்தேன்னு அம்மா சொன்னா. நீங்க யாரு பக்கம் சார்?"

அவன் சொல்ல வந்தது 'நாங்க எல்லாரும்'. லீவு கேட்கத்தான் வந்திருக்கிறான். அன்றிலிருந்து இந்தத் தொழிற்சாலையில் யார் 'நாம' என்று சொன்னாலும் மனதுக்குள் 'நாங்கள்' என்று திருத்திக்கொள்வது என்று தீர்மானித்தேன். படித்தவன் சூடுபட்டால் அதை விதியாக்கிவிடுகிறான்.

இனி அந்தப் புகார்.

பிரஸ் மெஷினின் முன்னால், இடது கைக்கு ஒன்றும் வலது கைக்கு ஒன்றுமாக இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்க முடியாது என்பது கணக்கு. மூன்றாம் நம்பர் மெஷினில் இடது பட்டன், அழுத்தினால் சில சமயம் எழாமல் அப்படியே உள்ளே உட்கார்ந்துகொண்டது. பராமரிப்பு ஆள் வந்து எண்ணெய் விட்டுப் போனார். இரண்டு நாள் சரியாக இருந்தது, மறுபடி உட்கார்ந்தது. ஹவில்தார் எழுத்து மூலம் கொடுத்தார். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட காகிதங்கள் பயிற்சிப் பிரிவு வழியாகத்தான் போக வேண்டும் என்று ஒரு முறை இருந்ததால் அது என் மேசைக்கு வந்தது. நான் செய்ததை முதல் பத்தியில் சொல்லிவிட்டேன். வடை உட்பட.

இரண்டு நாள் கழித்துப் பட்டன் மறுபடி சிக்கியது. ஹவில்தார் மெஷினை நிறுத்தி, 'ஓட்டாதே' என்று நான்கு மொழியில் எழுதிய பலகையை அதன் மேல் மாட்டிவிட்டு என்னிடம் வந்தார். அன்று என் மறுபயிற்சி வகுப்பு. தலைப்பு, 'நெருக்கடி நேரத்தில் தலைமை'.

"இன்னைக்கு ஒரு நாள் வுட்டுடுங்க சார். லைன்ல நிக்கணும்."

"வருகைப் பதிவு இல்லாமல் சான்றிதழ் கிடையாது" என்றேன்.

அவர் வகுப்பில் இருக்கும்போது மேனேஜர் லைனுக்குப் போன் செய்தார். லாரி நிற்கிறது, மூன்றாம் நம்பர் ஏன் ஓடவில்லை, ஓட்டுங்கள். போனை எடுத்தவன் மஞ்சுநாத். அவனுக்கு அடுத்த மாதம் வேலை நிரந்தரம் ஆக வேண்டும். மேனேஜர் நேரடியாகச் சொல்லும்போது பலகையைக் காரணம் காட்ட அவனுக்குத் தைரியம் வரவில்லை. பலகையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஓட்டினான். பத்துப் பதினைந்து தகடு போயிருக்கும். கோணலாக விழுந்த ஒரு தகட்டைச் சரிசெய்ய இடது கையை உள்ளே விட்டான். வலது கை பழக்கத்தில் பட்டனை அழுத்தியது. இடது பட்டன் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தது. அச்சு இறங்கியது. ஸ்டெல்லா ஓடிவந்து, மெஷினை நிறுத்தும் சிவப்பு பட்டனை அடித்தார்.

அவன் கையை உருவிவிட்டான். கையுறை மட்டும் மாட்டிக்கொண்டது. சுண்டுவிரல் நகம் போனது. அச்சைத் தூக்கி எடுத்தபோது அந்தக் கையுறை காகிதம் மாதிரி இருந்தது.

அன்று மாலைப் பதிவேட்டில் ஹவில்தார் கை 22 என்றுதான் எழுதினார். எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம். ஸ்டெல்லா சொன்னார்.

மறுநாள் மஞ்சுநாத்தை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணை. வாக்குமூலங்களை எழுதும் பொறுப்பு எனக்கு. தமிழ் நன்றாக எழுதுவேன் என்பதுதான் தகுதி. மேனேஜர் முடிவை முன்பே எடுத்திருந்தார். லைன் ஆட்கள் எச்சரிக்கைப் பலகையை அகற்றினார்கள் என்று சூப்பர்வைசரே எழுதிக் கையெழுத்திட்டால், மஞ்சுநாத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

மஞ்சுநாத் கட்டுப்போட்ட விரலோடு வந்தான். "நாம தப்பு பண்ணிட்டோம் சார்" என்றான். 'நாங்கள் தவறு செய்துவிட்டோம்' என்று எழுதினேன். அவன் விஷயத்தில் அது சரிதான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

ஹவில்தார் வந்தார். எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பலகைய மாட்டிட்டு, அதுக்குப் பூட்டு போடாம கிளாஸுக்கு வந்தது நான். அது என் தப்பு. அப்படியே எழுதிக்குங்க சார். ஆனா அந்த மெஷின ஓட்டினது நாம."

எழுதினேன்: 'அந்த இயந்திரத்தை இயக்கியது நாங்கள்.' அவர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வார்த்தையில் விரல் நின்றது. பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"நான் சொன்னது இது இல்லீங்க சார்."

"மொழியக் கொஞ்சம் சரி பண்ணினேன்."

"நாங்கன்னா நீங்க வெளிய நிக்கறீங்க. மேனேஜர் சார் வெளிய நிக்கறாரு. மஞ்சு மட்டும்தான் உள்ள மாட்டிக்கறான். நான் சொன்னது நாம."

நான் விளக்கினேன். விளக்காமல் இருக்க என்னால் முடியாது. கேட்பவரையும் உள்ளடக்கிப் பேசுவது உளப்பாட்டுத் தன்மைப் பன்மை; கேட்பவரை விலக்கிப் பேசுவது வேறு; இந்தியிலும் கன்னடத்திலும் இந்த நுட்பம் இல்லாததால் இங்கே பலருக்கும் குழப்பம் வருகிறது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதேதான் சார். உளப்படுத்தித்தான் சொல்றேன்."

"அப்படின்னா நானும் மேனேஜரும் சேர்ந்து மெஷின் ஓட்டினோம்னு அர்த்தம் ஆயிடும்."

"ஆமாங்க சார்."

கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார்.

அடுத்த நாள் காலை, ஷிஃப்டுக்குக் கால் மணி முன்னால், என் அறையில் வந்து உட்கார்ந்தார். "கையெழுத்துப் போட வந்திருக்கேன் சார்."

"போடுங்க."

"திருத்திட்டீங்களா சார்?"

"இல்ல."

"இருக்கட்டும் சார். உக்காந்திருக்கேன்."

கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு வட்டத்துக்குப் போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பதிவேட்டில் கை 20 என்று எழுதி அடிக்கோடு போட்டார். ஷிஃப்ட் முடிந்ததும் மறுபடி என் அறை. இந்த முறை அரை மணி. ஒரு மனிதர் எதிரில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருக்கும்போது கணினியில் வேலை செய்வது போல நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மேனேஜர் போனில், "ஒரு எழுத்துக்காகவா ரெண்டு நாள் இழுக்கறீங்க?" என்றார்.

இரண்டாம் நாள் காலை, நான் கேட்காமலேயே அவர் பேசினார்.

"வடக்க ஒரு எடம் சார். பனி. அப்ப நான் ஹவில்தார் ஆயி ஆறு மாசம். ஒரு லாரிக்கு ஜாக்கி வெச்சு வேல பாத்துட்டு இருந்தோம். ஜாக்கி வழுக்கிடுச்சு. ஒருத்தனுக்கு மூணு வெரலு போச்சு. அந்த ஜாக்கி சரியில்லன்னு எனக்கும் தெரியும், எனக்கு மேல இருந்தவருக்கும் தெரியும். ரிப்போர்ட்டு நான்தான் எழுதினேன். செக்‌ஷனோட கவனக்குறைவுன்னு எழுதினேன் சார்." தன் கைகளைப் பார்த்தார். "நான் அந்த செக்‌ஷன்ல இல்லாத மாதிரி எழுதினேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. அவன் மட்டும் எடது கையால போட்டான்."

எழுந்து வட்டத்துக்குப் போய்விட்டார். நான் என் இரண்டாவது தொட்டிச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அவர் தன்னுடைய புகாரின் நகலோடு வந்தார். லைன் பதிவேட்டில் கார்பன் வைத்து எழுதியது. "மெயின்டனன்ஸுக்கு நீங்க அனுப்பினத கொஞ்சம் எடுங்க சார்" என்றார். கோப்பிலிருந்து எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அவருடையது: 'மூனாம் நம்பர் பிரஸ் எடது கை பட்டன் சிக்குது. ஒரு கைல ஓடுது. ஆபத்து. நாம கவனிக்கனும்.'

என்னுடையது: 'மூன்றாம் எண் அழுத்து இயந்திரத்தின் இடது கைப் பொத்தான் சிக்கிக்கொள்கிறது. ஒரு கையால் இயங்குகிறது. ஆபத்தானது. நாங்கள் கவனிக்க வேண்டும்.'

என் நகலின் ஓரத்தில் பராமரிப்புப் பிரிவின் குறிப்பு ஒன்று இருந்தது. கோப்பில் திரும்பி வந்திருந்தது. நான் படித்ததில்லை, எனக்கு வேண்டிய ஒற்றெல்லாம் சரியாக இருந்ததால். 'லைன் ஆட்களே கவனித்துக்கொள்வதாகத் தெரிவித்துள்ளனர். நடவடிக்கை தேவையில்லை.'

ஆறு பிழை திருத்தினேன் என்று சொன்னேன் அல்லவா. ஐந்துதான் பிழை. ஆறாவது, அந்தக் கடிதத்திலேயே சரியாக இருந்த ஒரே வார்த்தை.

ஹவில்தார் குத்திக் காட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். இரண்டு காகிதத்தையும் நேராக அடுக்கிவைத்துவிட்டு, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வாக்குமூலத்தைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன்: புகாரை மாற்றி எழுதியது நான். அவரை வகுப்பில் பிடித்து வைத்தது நான். தொலைபேசியில் ஓட்டச் சொன்னது மேனேஜர். பலகையைக் கழற்றியது மஞ்சுநாத். அந்த இயந்திரத்தை இயக்கியது நாம். இதைத் தைரியம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் மூன்றாம் நாள் காலையும் அவர் வந்து உட்காருவார் என்ற பயம் அதில் பாதிக்கு மேல் இருந்தது. அவர் விரல் வைத்துப் படித்தார். கையெழுத்துப் போட்டார். காகிதத்தை என் பக்கம் தள்ளினார். நானும் போட்டேன்.

மேனேஜர் அதை மூன்று முறை படித்தார்.

"இந்த 'நாம்'ல நானும் வர்றேனா?"

"இலக்கணப்படி வர்றீங்க சார்."

"வேற மாதிரி எழுத முடியாதா?"

"எழுதலாம் சார். ஹவில்தார் கையெழுத்துப் போடமாட்டார்."

அவர் டீ வரவழைத்தார். குடித்து முடித்தார். கடைசியில், "அந்த மஞ்சுநாத்த சும்மா வுட்டுடணும்கறாரா?" என்றார். அறை வாசலில் நின்றிருந்த ஹவில்தாரை உள்ளே கூப்பிட்டேன்.

"சும்மா வுடக்கூடாது சார்" என்றார் ஹவில்தார். "பலகைய எடுத்தது பெரிய தப்பு. பர்மனன்ட்ட மூணு மாசம் தள்ளி வைங்க. நானே எழுதித் தர்றேன். ஆனா வீட்டுக்கு அனுப்பினா அது தண்டன ஆவாது சார். நாம கை கழுவுனதாத்தான் ஆவும்."

மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் வெளி ஆட்கள் சோதனைக்கு வருவதாக இருந்தது, காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற கவலையும் அவருக்கு உண்டு. எதற்காகப் போட்டார் என்று நான் ஆராயவில்லை. மறுநாளே மூன்றாம் நம்பருக்கு இரண்டு பட்டனும் புதிதாக வந்தது. பலகைக்குப் பூட்டு வந்தது. சாவி ஹவில்தாரின் இடுப்புப் பட்டையில் தொங்கியது. எனக்கு ஒரு மெமோ வந்தது. அதில் இரண்டு ஒற்றுப்பிழை இருந்தது. திருத்தவில்லை.

அடுத்த நாள் காலை, மஞ்சுநாத் திரும்பி வருவதைப் பார்க்க லைனுக்குப் போனேன். வட்டம் கூடியிருந்தது. இனி ஒரு மாதம் எண்ணும் வேலை மஞ்சுநாத்துக்கு என்று ஹவில்தார் சொல்லியிருந்தார். அவன் கட்டுப்போட்ட விரலோடு ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, எண்ணிக்கொண்டே வந்தான். நான் தூணுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றிருந்தேன்.

"கையக் காட்டுங்க சார்" என்றார் ஹவில்தார்.

வட்டத்தில் ஓர் இடம் விட்டார்கள். காட்டினேன். வலது ஆள்காட்டி விரலில் சிவப்பு மை. மஞ்சுநாத் குனிந்து தீவிரமாகப் பார்த்தான்.

"காயமா சார்?"

"வுடு மஞ்சு" என்றார் ஸ்டெல்லா. "அது பேனா பண்ணின காயம். அந்தக் கைக்கு எப்பவும் ஒண்ணும் ஆவாது. மத்தவங்க கைக்குத்தான்."

பதிவேட்டில் அன்று கை 24 என்று எழுதியிருக்கிறது. எழுதியவன் மஞ்சுநாத், இரண்டும் நான்கும் கோணலாக இருக்கும். மாலையில் மறுபடி எண்ணுவதற்கு நான் போகவில்லை. மீட்டிங் ஒன்று இருந்தது. ஆறு மணிக்கு ஹவில்தார் என் அறைக்கே வந்து, "கையக் காட்டுங்க சார்" என்றார். காட்டிய பிறகுதான் ஷிஃப்டை முடித்தார்.

பிறகு மூன்று வருடம் அவர் எங்களோடு இருந்தார். அப்புறம் அத்திப்பள்ளி தாண்டி ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் போய்விட்டார். அங்கே எத்தனை கை எண்ணுகிறாரோ தெரியாது.

விபத்து நடந்த அந்த வருடமே குடும்ப விழா ஒன்று நடந்தது. ஊழியர்கள் மனைவி மக்களோடு வருவார்கள், மேடை, பாட்டு, பிரியாணி. கையேட்டில் அறுபத்தைந்தாம் பக்கம் ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருந்தேன். அதை மேடையில் படித்தேன். வேலை என்றால் நாம். நல்லது என்றால் அவர்கள். தவறு என்றால் நான். இந்த மூன்று சொல்லுக்கு முன்னால் என் பதினெட்டுப் பண்புகளும் வெறும் அம்புக்குறிகள் என்று முடித்தேன். நல்ல கைதட்டல். மேனேஜரும் தட்டினார். ஹவில்தார் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் அவருடைய மனைவி நின்றார். பர்கூரிலிருந்து வந்திருந்தார். தட்டை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்லாப் பேசுனீங்க சார். ஒரு நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. பால் பொங்குனாலும் சரி, கேஸ் தீந்தாலும் சரி, பையன் மார்க்கு கொறைஞ்சாலும் சரி, அங்க ஒரே பேச்சுதான். 'நீ'."